பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு: எங்கட வீடுகளைத் திரைக்கதையாக்கின வரலாறு

குடும்பக் கதை ஒண்டு எழுதப் போறம் எண்டு இரணைமடுப் பக்கம் சொல்லிப் பாருங்கோ. உடனே ரெண்டு கேள்வி வரும். "எங்கட கதைத் தமிழில எடுத்தா ஆர் பாக்கிறது?" எண்டது முதலாவது. "எங்கட வீட்டில என்ன கதை கிடக்கு?" எண்டது மற்றது. ரெண்டும் புதுக் கேள்வி இல்லை. இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் அறுபது வருச வரலாறே இந்த ரெண்டு கேள்விகளோடும் மல்லுக்கட்டின வரலாறுதான்.

இலங்கையின் முதல் சிங்களப் பேசும்படத்தை 1947இல் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் உருவானதோ தென்னிந்திய ஸ்டூடியோவில். தமிழில் 'சமுதாயம்' 1962இல் 16 மி.மீ. படமாக வந்தது. அடுத்த வருசம் 35 மி.மீ.யில் 'தோட்டக்காரி' வந்தது. அதற்குள் எங்கட சனம் தமிழ்நாட்டுப் படங்களின் குடும்பங்களோடு சேர்ந்து அழப் பழகிவிட்டது. 'பாசமலர்' அண்ணனும் தங்கையும் எங்கட வீட்டு ஆக்களாகிவிட்டார்கள். எங்கட வீட்டு ஆக்கள் மட்டும் திரையில் இல்லை.

அந்தக் குறையை வடிவாக உணர்ந்தவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா. 1972இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்தார். யாழ்ப்பாணத்து விவசாயக் குடும்பம், யாழ்ப்பாணத்துப் பேச்சு. 1978இல் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் படமாகி, மீனவர் வாழ்க்கை திரைக்கு வந்தது.

இவற்றுக்கு நடுவில் 1977இல் வந்த 'பொன்மணி'தான் எங்களை இன்னும் விடாமல் பிடிச்சு வைச்சிருக்கிற படம். இயக்கியவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். திரைக்கதை காவலூர் இராசதுரை. நொடிச்சுப்போன ஒரு வேளாளக் குடும்பம். சீதனம் இல்லாததால் மூத்தவளின் கலியாணம் தள்ளிக்கொண்டே போகுது. இளையவள் பொன்மணி மீனவச் சமூகத்துக் கிறிஸ்தவப் பெடியனோடு போகிறாள். கடைசியில் கொல்லப்படுகிறாள்.

பொன்மணியின் துணிவைப் பற்றிக் கனக்கப் பேர் எழுதியிருக்கினம். எங்களுக்கு அந்த வீட்டின் பயம்தான் முக்கியமாகப் படுது. அங்க ஒருத்தரும் வில்லன் இல்லை. சாதி போனால் மானம் போகும், மானம் போனால் மூத்தவளுக்கு மாப்பிள்ளை வராது எண்டு ஒரு கணக்கு அந்த வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கு. கொடுமையான கணக்கு, ஆனால் அவர்களுக்கு அது கணக்குத்தான். அது விளங்கினால்தான் அவள் படலையைத் தாண்டின ஒரு அடிக்கு என்ன விலை எண்டு விளங்கும். படம் திரையரங்குகளில் கனநாள் ஓடவில்லை. பாட்டும் சண்டையும் பழகின கண்ணுக்கு அந்த மௌனம் பாரமாக இருந்திருக்கும்.

பிறகு 1983 ஜூலை. கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அந்த நெருப்பில் போயின. ஒரு தலைமுறை சினிமாக் கனவைக் கைவிட்டது அக்கறை இல்லாமல் இல்லை. முதலில் உயிர் தப்ப வேண்டியிருந்தது.

சமாதானக் காலத்தையொட்டி இயக்குநர் மகேந்திரன் வன்னிக்கு வந்து இளைஞர்களுக்குச் சினிமா படிப்பித்தார். 'உதிரிப்பூக்கள்' எடுத்த மனுசன். ஒரு ஆணின் கொடுமைக்கு வீடும் ஊரும் பயந்து பயந்து, கடைசியில் அந்தப் பயமே திரண்டு அவனை ஆற்றுக்குள் இறக்குகிற கதை அது. ஊரின் துணிவுக்குள்ளும் ஒரு கொடுமை இருக்கு எண்டு காட்டித்தான் படம் முடியும். 2006இல் அவருடைய மகன் ஜான் மகேந்திரன் வன்னியில் 'ஆணிவேர்' எடுத்தார்.

அந்தக் காலத்தைப் பற்றி ஒண்டைச் சொல்லத்தான் வேணும். புலிகளின் நிர்வாகத்தில் இருந்த வன்னியில் துணிவு எண்டால் களத்துத் துணிவு. செல்லுக்குப் பயந்த வீடுகளிலேயே, பிள்ளையை இயக்கம் கொண்டு போயிடுமோ எண்ட பயமும் இருந்தது. அந்த ரெண்டாவது பயத்தைத் திரையில் எழுத இடம் இருக்கவில்லை. இண்டைக்கும் எங்களில் கனபேர் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் கதைக்கிறம்.

பயத்தை நேராகப் பார்த்த ஒரு குடும்பத் திரைக்கதை சிங்களத்தில் இருக்கு. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). இராணுவத்துக்குப் போன மகன் முத்திரையிட்ட பெட்டியில் வருகிறான். கண் தெரியாத கிழவர் வன்னிஹாமி நம்பவில்லை. நட்டஈட்டுக் காசு வந்தால் பாதி கட்டின வீட்டை முடிக்கலாம் எண்டது வீட்டாரின் கணக்கு. கிழவர் குழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே பிள்ளை இல்லை. 2000இல் அரசாங்கம் படத்தின் வெளியீட்டைத் தடுத்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2001இல் திரைக்கு வந்தது.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமலாக்கப்பட்டவர்களின் அம்மாமார் குந்தினதும் அதே கேள்வியோடுதான்: என்ர பிள்ளை எங்க? நட்டஈடு கேட்டு அவர்கள் இருக்கவில்லை. அவர்களைத் திரைக்கதையில் வைச்சால், ஒருத்தியைத் தெருவுக்குக் கொண்டுவந்த அந்தக் காலமையை, அடுப்படியில் விட்டிட்டு வந்த மற்றப் பிள்ளையின் முகத்தோடு சேர்த்து எழுத வேணும்.

போருக்குப் பிறகு கனவைத் திருப்பித் தூக்கினவர்கள் இருக்கினம். மதிசுதா 'வெந்து தணிந்தது காடு' படத்தைச் சனத்திடம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில், கைத்தொலைபேசிக் கமராவால் எடுத்தார். இறுதிப் போரின் பங்கர் வாழ்க்கைதான் கதை. "ஆர் பாக்கிறது" எண்ட கேள்விக்கு, பாக்கப் போற சனமே முதல் போட்டது ஒரு நல்ல பதில்.

எங்கட குளத்துக்கே வருவம். 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம். போர் கடந்து போன குளக்கட்டு. 2018 டிசம்பரில் கட்டை உயர்த்தித் திருப்பித் திறந்தார்கள். அதே மாதம் வெள்ளம் வந்து சனம் பள்ளிக்கூடங்களில் படுத்தது. இந்தத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோற திட்டம் வந்தபோது, சிறுபோகம் போயிடும் எண்டு விவசாயிகள் பயந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராகுது எண்டு அங்க இருந்தவர்களும் பயந்தார்கள். இப்ப யோசிச்சுப் பாருங்கோ: தகப்பனுக்கு இரணைமடு வாய்க்காலில் வயல். மகளைக் கட்டிக் குடுத்தது யாழ்ப்பாணத்தில். ஒரே சோத்துக் கோப்பைக்கு முன்னால் ரெண்டு நியாயமான பயம். இதைவிடப் பெரிய குடும்பக் கதைக்கு நாங்கள் எங்க போறது?

கைவிட்ட கனவை மீட்கிறதிலும் ஒரு சிக்கல் இருக்கு. 2009இல் ஓ.எல். சோதனைக்குப் படிச்ச பெட்டைக்கு இப்ப முப்பது வயது கடந்திருக்கும். அவளுக்கு மூன்றாவது காட்சியில் பழைய கனவை அப்படியே எடுத்துக் குடுத்தால் அது பொய். குளக்கட்டே பழைய உயரத்தில் இல்லை. இப்ப அவளுக்கு என்ன வேணும் எண்டு முதலில் அவளிடம் கேட்க வேணும்.

எழுதத் தொடங்கிறவைக்கு நாங்கள் சொல்லுறது இதுதான். வீட்டில் மூத்த ஒருத்தரிட்டப் போய், "எதைக் கைவிட்டனீங்கள்?" எண்டு கேளுங்கோ. பதில் வந்த பிறகு, "அப்ப எதுக்குப் பயந்தனீங்கள்?" எண்டு கேளுங்கோ. அவை சொல்லுற கணக்கை வெட்டாமல், திருத்தாமல், அவை கதைச்ச மாதிரியே எழுதுங்கோ.