பஸ், ரயில், மெட்ரோ ஒரே செயலியில்: முதலில் முடிவு செய்ய வேண்டியவை என்னென்ன?

யானைக்கவுனியில் இருந்து திருவொற்றியூர் போகணும்னா, மாநகரப் பேருந்து, பக்கத்து சென்ட்ரலில் மெட்ரோ, பேசின் பிரிட்ஜில் மின்சார ரயில் என வழிகள் உண்டு. நடத்துவது மூன்று நிறுவனங்கள். இவற்றோடு ஆட்டோ, டாக்சியையும் சேர்த்து 2025 செப்டம்பரில் வந்ததுதான் கும்டாவின் 'சென்னை ஒன்' செயலி.

தனித்தனியா இயங்கும் மென்பொருட்களை இப்படி இணைக்கும் முன், என்னென்ன தேவை என்பதை எழுத்தில் முடிவு செய்யணும்.

எதை இணைப்பது? டிக்கெட் மட்டுமா, வண்டி வரும் நேரமுமா?

தகவல் யாருடையது? ஒரே இடத்துக்கு பஸ்ஸில் ஒரு பெயர், ரயிலில் வேறு பெயர் இருந்தா எது செல்லும்?

யாருக்கு விலக்கு? சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021-ல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. ரயிலில் அது கிடையாது. இந்த வித்தியாசத்தை எழுதாம விட்டா, இலவசமா போக வேண்டியவரிடமும் செயலி காசு கேட்கும்.

பணம் போய் டிக்கெட் வரலைன்னா? திருப்பித் தருவது யார், எத்தனை நாளில்?

இந்தக் கடைசிக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் இல்லைன்னா, மூன்று அலுவலகங்களுக்கும் அலையப்போவது பயணிதான்.