கார்ன்வால் சுரங்கங்களும் உயரழுத்த நீராவியும்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் தகரமும் செம்பும் மிகுந்திருந்தும் நிலக்கரி கிடையாது; சுரங்கங்களில் ஊறும் நீரை இறைக்கும் எந்திரங்களுக்கான கரி தென் வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்ததால், கரியை மிச்சப்படுத்துவதைப் பொறுத்தே ஒரு சுரங்கம் நீடிப்பதும் மூடப்படுவதும் அமைந்தன. 1712இல் தாமஸ் நியூகோமென் அமைத்த எந்திரம் உருளைக்குள்ளேயே ஆவியைக் குளிர்வித்து, அங்கு உண்டாகும் வெற்றிடத்தை நோக்கிக் காற்றழுத்தம் பிஸ்டனைத் தள்ளும்படி இயங்கியது. ஒவ்வொரு முறையும் உருளை ஆறிச் சூடேறியதால் கரி பெருமளவில் வீணாயிற்று. ஆவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் அமைத்து ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்றார். அதனால் மிச்சமான கரியின் மதிப்பில் மூன்றிலொரு பங்கை அவரும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டனும் சுரங்கத்தாரிடம் பெற்றுவந்தனர். நாடாளுமன்றச் சட்டத்தால் 1800 வரை நீண்ட அவ்வுரிமை, பிறருடைய திருத்தங்களுக்குத் தடையாகவே நின்றது.

வாட் கையாண்ட ஆவியின் அழுத்தம் காற்றழுத்தத்தைச் சற்றே விஞ்சியது. கொதிகலன் வெடிக்கும் என்ற அச்சம் அதற்கு மேல் செல்ல அவரை விடவில்லை. கார்ன்வாலிலேயே பிறந்த ரிச்சர்ட் ட்ரெவிதிக், காப்புரிமை முடிந்த கையோடு, ஆவியின் சொந்த விசையே பிஸ்டனைத் தள்ளும் உயரழுத்த எந்திரங்களைக் கட்டினார். உருவில் சிறிதான அவற்றுள் ஒன்றே 1804 பிப்ரவரி 21 அன்று வேல்ஸின் பெனிடாரென் இரும்பாலையிலிருந்து 10 டன் இரும்பைத் தண்டவாளத்தில் இழுத்துச் சென்றது. வாட்டின் அச்சமும் பொய்யன்று: 1803இல் கிரீனிச்சில் ட்ரெவிதிக்கின் கொதிகலன் ஒன்று வெடித்து உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின் அவர் இரண்டு பாதுகாப்பு வால்வுகளையும், நீர்மட்டம் தாழ்ந்தால் உருகி ஆவியை வெளிவிடும் ஈய அடைப்பையும் சேர்த்தார்.

ஆயினும் உயரழுத்த ஆவியைச் சிக்கனமானதாக்கிய பெருமை தனியொருவருக்கு உரியதன்று. உருளை நிரம்புமுன் ஆவியை நிறுத்தி, உட்புகுந்த ஆவி விரியும் விசையாலேயே எஞ்சிய ஓட்டத்தை முடிக்கும் முறையைப் பல பொறியாளர்கள் படிப்படியாகச் செப்பனிட்டனர். 1811 முதல் ஜோயல் லீனும் அவர் குடும்பத்தாரும் சுரங்க எந்திரங்களின் திறனை அளந்து மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டதால், ஒருவர் கண்ட மேம்பாடு அடுத்த சுரங்கத்துக்கு உடனே தெரிந்தது. ஒரு புஷல், அதாவது அக்காலத்தில் கரியை அளந்த ஒரு படியளவு, எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயர்த்துகிறது என்பதே அவர்களது அளவுகோல். வாட் எந்திரங்களில் 2 கோடி அளவில் இருந்த அந்த எண், 1835இல் ஃபோவே கன்சல்ஸ் சுரங்கத்தில் நடந்த சோதனையில் 12 கோடியைக் கடந்தது. நீராவியின் வரலாற்றை வாட்டின் பெயரோடு முடித்துவிடும் பாடநூல்கள் இந்த மாதாந்திர அறிக்கைகளுக்கும் இடமளிக்க வேண்டும்.