கார்புரேட்டர் உறைபனி

பிஸ்டன் எஞ்சின் விமானங்களில், உள்ளே இழுக்கப்படும் காற்றின் ஈரம் கார்புரேட்டரில் பனிக்கட்டியாகப் படிந்து காற்றுப்பாதையை அடைப்பது கார்புரேட்டர் உறைபனி எனப்படும். குளிர்நாடுகளில் விமானிகள் இறக்கையில் படியும் பனிக்கு அஞ்சுவார்கள். ஆனால் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்து வானத்தில், சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்துக்கு எஞ்சினுக்குள் படியும் பனியே பெரிய ஆபத்து.

இறக்கைப் பனிக்கு, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் மேகத்தில் இருக்க வேண்டும். மணல்தாள் அளவு சொரசொரப்பாகப் படிந்தாலே தூக்குவிசை 30 விழுக்காடு குறைந்து, காற்றின் இழுவை 40 விழுக்காடு கூடிவிடக்கூடும். ஆனால் கெடாவில் உறைநிலை ஏறத்தாழ 16,000 அடிக்கு மேல்தான் தொடங்குகிறது. அங்குள்ள ஜெராய் மலையின் உச்சியே சுமார் 4,000 அடி. பிராணவாயுக் கருவி இல்லாத இருவர் விமானம் வழக்கமாக 10,000 அடியைத் தாண்டாது. இடிமேகம் இழுத்துக்கொண்டு போனால் மட்டுமே அந்த உயரத்துப் பனியைச் சந்திக்கும்; அங்கும் மேகத்தின் கொந்தளிப்பே முதல் எதிரி.

கார்புரேட்டரின் கதை வேறு. தோலில் தடவிய ஸ்பிரிட் ஆவியாகும்போது சில்லிடுவதுபோல, பெட்ரோல் ஆவியாகையில் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறைவதும் குளிரைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் வெப்பநிலை 30 பாகைக்கும் மேல் சரியலாம். அதனால் வெளியே 38 பாகை செல்சியஸ் வெயிலும் 50 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போதுகூட உள்ளே பனி பிடிக்கலாம். ரப்பர் தோட்டங்களின் மேல் மூட்டம் கலையாத காலையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கு அன்றாடம். எஞ்சின் வேகத்தைக் குறைத்து இறங்கும் நேரமே மிக மோசம்: காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்க, மீதமுள்ள சிறு இடைவெளியை மெல்லிய பனியே அடைத்துவிடும்.

இதழ்களின் கோணம் மாறாத நிலைக்கோண விசிறி உள்ள விமானத்தில் இப்படிப் பனி படியத் தொடங்கினால், விமானி எதையும் தொடாமலேயே எஞ்சின் சுழற்சி மெல்லக் குறையும். உடனே, சூடான காற்றை உள்ளே விடும் கார்புரேட்டர் வெப்ப நெம்புகோலை முழுவதும் இழுக்க வேண்டும். பாதி இழுப்பது ஆபத்து. வெப்பக்காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் சுழற்சி இன்னும் விழும். உருகிய நீர் உள்ளே போகையில் எஞ்சின் திக்கித் திணறும். பயந்துபோய் வெப்பத்தை நிறுத்துகிறவரே எஞ்சினை இழக்கிறார். பொறுத்தால் சுழற்சி மீண்டு ஏறும்.

தொழிற்சாலை விமானத்தில் இந்த வெப்ப ஏற்பாடு சோதித்துச் சான்று பெற்று வருகிறது. சொந்தமாகக் கட்டுபவரோ புகைக்குழாயைச் சுற்றித் தகர உறை அமைத்து, அதிலிருந்து சூடான காற்றைக் குழாய்வழி தாமே கொண்டுவர வேண்டும். உள்ளே செல்லும் காற்றை ஏறத்தாழ 50 பாகை சூடாக்க வல்லதாக அது இருக்க வேண்டும். எரிபொருளைத் தெளிக்கும் எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் கார்புரேட்டர் எஞ்சினைத் தேர்ந்தவர், வெப்ப நாடுதானே என்று இந்த உறையை விட்டுவிடக் கூடாது.