மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: யாழ்ப்பாணத்து முற்றங்களில் நடந்த எஞ்சின் மாற்றம்

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்ததோடு வடக்குக்கு வந்துகொண்டிருந்த பெற்றோலும் டீசலும் நின்றன. பற்றறி, சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப்பட்டியலில் அவையும் சேர்ந்தன. மண்ணெண்ணெய் மட்டும் விளக்குக்கும் அடுப்புக்கும் என்ற கணக்கில், மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. குடாநாட்டிலும், பின்னர் 2002இல் ஏ-9 வீதி திறக்கும்வரை வன்னியிலும் ஓடிய பெற்றோல் வாகனங்களில் பெரும்பாலானவை அந்த மண்ணெண்ணெயில்தான் ஓடின.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எப்படி ஓடியது என்பதை எழுதி வைத்தவர்கள் குறைவு. என் அப்பா மெக்கானிக். எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தின் கீழ்தான் அவருடைய கராஜ். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தபடி அங்கே நான் பழகியதை இங்கே எழுதுகிறேன்.

முதல் சிக்கல், மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே போய், பிளக்கை நனைத்துவிட்டுக் கிடக்கும். ஆகவே எந்த வாகனமானாலும் முதலில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் செய்ய வேண்டும். பவுண் போலப் பொத்தி வைத்திருந்த அந்தப் பெற்றோலை ஒரு சின்னப் போத்தலில் விட்டு, சேலைன் குழாயால் காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். மோட்டார் சைக்கிள்காரர் சிலர் குழாயில் வாயை வைத்து ஊதுவார்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும் குழாயை மூடி மண்ணெண்ணெயைத் திறப்பது வழக்கம். அவசரப்பட்டுத் திறந்தால் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, இன்னொரு மூடி பெற்றோலைச் செலவழிக்க வேண்டும்.

பழைய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் இதற்கு ஒத்துழைத்ததற்குக் காரணம் உண்டு. அவற்றில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கும். புகைக்குழாயின் சூடு உட்குழாயையும் சூடாக்க, மண்ணெண்ணெய் ஆவியாவது எளிதாகும். இது யாழ்ப்பாணத்தில் கண்டுபிடிக்கப்பட்ட வித்தை அல்ல. பிரித்தானியாவில் 1940களின் இறுதியில் வந்த பெர்குசன் ரி.ஈ.டி. 20 உழவு இயந்திரம் தொழிற்சாலையிலிருந்தே மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்காகச் செய்யப்பட்டது. ஸ்ராட் செய்யும் பெற்றோலுக்குச் சின்னத் தாங்கி, ஓடும் எண்ணெய்க்குப் பெரிய தாங்கி, நடுவே ஒரு திருகு. அங்கே குளிருக்கு ரேடியேற்றரை மறைக்கவும் வேண்டியிருந்தது. எங்கள் வெயிலில் அந்தக் கவலை இருக்கவில்லை.

இரண்டாவது சிக்கலே பெரியது. பெற்றோலின் ஒக்டேன் எண் 92 என்றால், மண்ணெண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை. அமுக்கத்தைத் தாங்காமல், பிளக் பொறி விட்டதும் எரியாத மிச்சக் கலவை தானாகவே ஒரேயடியாகப் பற்றும். அதுதான் சுத்தியலால் அடிப்பதுபோலக் கேட்கும் ‘நொக்’. அதைக் கவனியாமல் ஓட்டினால் பிஸ்ரன் உடையும். ஏ-40இன் அமுக்க விகிதம் 7க்கு 1ஐ அண்டியது என்பதால் ஓரளவு தாங்கியது. பின்னாளைய யப்பான் கார்களில் 9க்கு மேல். அவை மேடு ஏறும்போது அழுதன.

இதற்கு அப்பா செய்தவை இரண்டு. ஹெட்டைக் கழற்றி, ஒரு காஸ்கட்டுக்குப் பதில் இரண்டு வைத்து இறுக்குவார். எரியும் அறை சற்றுப் பெரிதாகி அமுக்கம் குறையும். அடுத்தது, டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிப் பொறியைப் பிந்த விடுவார். ‘நொக்’ அடங்கும், இழுவையும் குறையும். பொறி பிந்தினால் புகை இன்னும் சூடாக வெளியேறும். அது மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவினாலும் வால்வுகளை எரிக்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே கருவி காதுதான். கலவை சரிசெய்ய மொறிஸ் மைனர் வசதியானது. அதன் எஸ்.யு. காபரேற்றரின் அடியிலுள்ள நட்டைத் திருப்பினாலே போதும்.

லண்டனில் என் பெறாமகன் ஒருவன் வீட்டுக் கராஜில் சுசுகி ஸ்விஃப்ற் ஸ்போர்ட் வைத்து வேலை செய்கிறான். 1.4 லீற்றர் ரேர்போ எஞ்சின், கம்பனி கொடுத்த வலு 140 குதிரை. அது போதாதென்று கணினியின் நிரலை மாற்றி ரேர்போவின் அமுக்கத்தைக் கூட்டியிருக்கிறான். அமுக்கிய காற்று சூடாவதால் அதைக் குளிர்விக்கப் பெரிய இன்ரர்கூலர். பொறியை முந்தவிட 99 ஒக்டேன் பெற்றோல். நான் மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னபோது, “சித்தப்பா, நான் செய்யிற எல்லாத்தையும் நீங்கள் தலைகீழாய்ச் செய்திருக்கிறியள்” என்றான். உண்மைதான். அவன் காற்றைக் குளிர்விக்கிறான், நாங்கள் சூடாக்கினோம். அவன் அமுக்கத்தைக் கூட்டுகிறான், நாங்கள் குறைத்தோம். இருவரும் பயப்படுவது ஒரே ‘நொக்’குக்குத்தான். அவனுடைய காரில் அதைக் கேட்க ஒரு சென்சர் இருக்கிறது. கேட்டதும் கணினி தானே பொறியைப் பிந்த விட்டுவிடும். இதை இங்கே சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: 99 ஒக்டேனுக்கென்று எழுதிய நிரலை இங்குள்ள ரேர்போ காரில் ஏற்றி 92 பெற்றோல் அடிப்பது, யப்பான் காருக்கு மண்ணெண்ணெய் விட்ட அதே வேலை. குறைந்தது 95 அடியுங்கள். நிரலையும் அதற்கேற்ப எழுதுவியுங்கள்.

மண்ணெண்ணெய் ஓட்டத்தைச் சாதனை என்று மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எஞ்சின்கள் மெல்லச் செத்தன. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். டிப் குச்சியை இழுத்தால் ஒயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும், தண்ணீராய் வழியும். மாற்ற வேண்டும், ஆனால் ஒயிலும் தடைதான். பழைய ஒயிலைத் துணியில் வடித்துத் திரும்ப விட்டார்கள். பெயறிங்குகள் தேய்ந்தன. பிளக்கில் கரி படிய, மண்ணெண்ணெய்த் தாளால் உரஞ்சி உரஞ்சி முனையே தேய்ந்துபோனது. பின்னால் சைக்கிளில் வருபவருக்குக் கண் எரியும். வீட்டில் போத்தலில் வைத்த பெற்றோல் விளக்கெண்ணெயோடு மாறிவிடாமல் பார்ப்பது தனிக் கவலை. மண்ணெண்ணெய் விளக்கில் சிறிது பெற்றோல் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும்.

டீசல் வான்களின் கதை வேறு. டீசல் எஞ்சினுக்குப் பிளக் இல்லை, மண்ணெண்ணெய் அதில் எளிதாகவே எரியும். ஆனால் பம்புக்கு எண்ணெய்ப் பசை வேண்டும். அதற்காக மரக்கறி எண்ணெய் கலந்தார்கள். தெருவெல்லாம் பொரியல் வாசம்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், சைக்கிளில் ஏற்ற முடியாத பயணங்கள் இருந்தன. பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, செல் காயம். இரவில் படலையில் தட்டினால் ஹயர் கார்காரர் முதலில் தேடுவது திறப்பை அல்ல, பெற்றோல் போத்தலை. அதில் இரண்டு விரல் உயரம் இருக்க வேண்டும் என்பது அப்பா அவர்களுக்குப் போட்ட கட்டளை.

இப்போது அந்தக் கார்கள் கலியாண ஊர்வலத்துக்கும் சேகரிப்பாளருக்கும் விலைபோகின்றன. அப்படி ஒன்றை வாங்கி “இழுக்குதில்லை, சூடாகுது” என்று கொண்டுவருபவர்களிடம் முதலில் ஹெட்டைத் திறக்கச் சொல்கிறேன். இரண்டு காஸ்கட் ஒட்டிப்போய் இருந்தால் அது வன்னியோ யாழ்ப்பாணமோ பார்த்த கார். ஒன்றை எடுத்துவிட்டு, ரைமிங்கைக் கம்பனிப் புத்தகத்தின் அளவுக்குத் திருப்பி, காபரேற்றர் ஜெற்றையும் சரிபார்த்தால் 92 பெற்றோலிலேயே நன்றாக ஓடும். சிலவற்றில் டாஷ்போட்டுக்குக் கீழே, எங்கும் போகாத ஒரு ரப்பர் குழாய்த் துண்டும் பித்தளைத் திருகும் இன்னும் இருக்கின்றன.