நெசவாளர் சேர்த்த நூல்கள்

ஸ்காட்லாந்து நாட்டில் டன்ஃபர்ம்லின் என்றோர் ஊர். மேசை விரிப்புக்கான உயர்ந்த லினன் துணி நெய்வதில் பெயர் பெற்றது. அவ்வூர்க் கைத்தறியாளர் ஐவர், தத்தம் வீட்டிலிருந்த சில நூல்களை ஒன்று சேர்த்து, இரவலாகக் கொடுத்து வாங்கிப் படிக்க வழி செய்தனர். அவ்வூரின் முதல் இரவல் நூலகம் அதுவே. ஐவருள் ஒருவர் வில்லியம் கார்னெகி. நீராவித் தறி வந்தது, கைத்தறி நலிந்தது. 1848-இல் அவர் மனைவி மக்களுடன் கப்பலேறி, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலெகெனியில் குடியேறினார்.

மூத்த மகன் ஆண்ட்ரூவுக்கு அப்போது வயது 12. பஞ்சாலையில் பாபின் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. வாரக் கூலி ஒரு டாலர் இருபது சென்ட். பிறகு தந்தி கொண்டு செல்லும் பையனானான். புத்தகம் வாங்கக் காசுக்கு எங்கே போவான்? அவ்வூரில் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் பெருமகனார் இருந்தார். தமக்குச் சொந்தமான சுமார் 400 நூல்களை உழைக்கும் சிறுவர்களுக்கென்று சனிக்கிழமைதோறும் திறந்து வைத்தார். ஒரு நூலை எடுத்துச் செல்லலாம். அடுத்த சனிக்கிழமை திருப்பித் தந்து வேறொன்று பெறலாம். கட்டணம் இல்லை.

அந்நூலகம் இடம் மாறி வளர்ந்ததும் ஒரு விதி முளைத்தது. முறைப்படி தொழில் பழகுவோருக்கு மட்டுமே இலவசம். ஏனையோர் ஆண்டுக்கு இரண்டு டாலர் செலுத்த வேண்டும். தந்திப் பையன் எந்தத் தொழிலையும் பழகுபவன் அல்லவே! 1853-இல் ஆண்ட்ரூ, ‘உழைக்கும் பையன்’ என்று கையொப்பமிட்டு உள்ளூர் நாளிதழுக்குக் கடிதம் எழுதினான். நூலகத்தார் மறுப்பு எழுதினர். அவனும் விடவில்லை, ‘தொழில் பழகாத உழைக்கும் பையன்’ என்று மறுபடியும் எழுதினான். விதி தளர்ந்தது, கதவு திறந்தது.

எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வரான பின் அப்பையன் உலகெங்கும் எழுப்பிய நூலகங்கள் 2,509. இடமும் ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவும் ஊரார் தர வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஆண்டர்சனுக்கு அலெகெனியில் 1904-இல் நினைவுச் சின்னமும் எழுப்பினார். ஆயினும் 1892-இல் ஹோம்ஸ்டெட் எஃகாலையில் அவர் நிறுவனம் தொழிலாளரை ஒடுக்கியதையும் மறைப்பதற்கில்லை. கூலியைக் குறைத்துவிட்டு நூலகம் கட்டித் தந்தால் களைத்த உழைப்பாளி எப்போது படிப்பான் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அது நியாயமான கேள்வியே.

நெசவாளரின் பழைய வழி மறைந்துவிடவில்லை. 2009-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஹட்சன் நகரில் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்து மறைந்த தம் தாயாரின் நினைவாக, சிறிய பள்ளிக்கூட வடிவில் ஒரு மரப் பெட்டி செய்து தம் வீட்டு முற்றத்தில் கம்பத்தின் மேல் நிறுத்தினார். உள்ளே புத்தகங்கள். பூட்டில்லை, பதிவேடில்லை, ஒன்றை எடு, ஒன்றை வை என்பதே நடைமுறை. ரிக் புரூக்ஸ் துணை சேர்ந்தார். கார்னெகியின் எண்ணிக்கையைத் தாண்ட வேண்டுமென்று இருவரும் குறி வைத்தனர், 2012-இலேயே தாண்டினர். போல் 2018-இல் மறைந்தார். 2020-இல் பெட்டிகள் ஒரு லட்சத்தை எட்டின.

குறை சொல்வோரும் உண்டு. கனடாவில் டொரொண்டோ, கல்கரி நகரங்களை ஆராய்ந்தவர்கள், இப்பெட்டிகள் பெரும்பாலும் வசதியுள்ளோர் வாழும் தெருக்களிலேயே நிற்பதைக் கண்டனர். ஆண்டர்சன் கதவைத் திறந்தது வசதியற்ற சிறுவருக்காக. இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ளிவிட முடியாது.

விதிகளும் மீண்டும் குறுக்கிட்டன. 2014-இல் கான்சஸ் மாநிலத்து லீவுட் நகரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டு முன் வைத்திருந்த பெட்டியை, முற்றத்தில் தனிக் கட்டுமானம் கூடாது என்று கூறி அகற்றச் சொன்னார்கள். அவன் நகர மன்றத்தின் முன் எழுந்து தன் வழக்கைத் தானே சொன்னான். மன்றத்தார் அவ்விதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தனர்.