கணுக்காலுக்கு மேல் நான்கு விரல்: மாணவியரும் மாதவிடாய் வலியும்

2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, பணிபுரியும் பெண்களுக்கு மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்பு வழங்கும் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. தனியார் துறையும் அதில் அடங்குவதால், வைட்ஃபீல்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் பணியாற்றுவோர் அதன் பயனாளிகள். அதே வைட்ஃபீல்டின் பள்ளி மாணவியரோ பணியாளர் அல்லர்; ஆகவே அக்கொள்கையின் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர்.

வரலாறு எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. 1912இல் கொச்சி சமஸ்தானத்தின் திருப்பூணித்துறை அரசுப் பெண்கள் பள்ளியில், ஆண்டுத் தேர்வின்போது மாதவிடாய் வந்தால் மாணவியர் விடுப்பு எடுத்துப் பின்னர் தேர்வெழுத அனுமதி பெற்றனர். வரலாற்றாசிரியர் பி. பாஸ்கரனுண்ணி இதனைப் பதிவு செய்துள்ளார்.

விடுப்பு கிட்டாத மாணவிக்கு இன்று பரிந்துரைக்கப்படும் எளிய வழிகளுள் ஒன்று அக்குபிரஷர். உட்கணுக்கால் எலும்பின் மேடான பகுதிக்கு நான்கு விரற்கிடை மேலே, முழங்கால் எலும்பின் கீழுள்ள பெரிய எலும்பின் பின்விளிம்பை ஒட்டிய புள்ளியை அவளே கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளலாம். மூன்று யின் தடங்கள் சந்திக்கும் இடம் என்னும் பொருளில் சீனர் அதனைச் சான்யின்ஜியாவ் என்பர். இம்மரபின் இந்திய வருகைக்கு ஒரு போர்க்காலப் பின்னணி உண்டு. 1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் கோட்னிஸுடன் இருந்த பி. கே. பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் அங்கு சென்று அக்குபங்சர் பயின்று கொல்கத்தாவில் அதனைப் பரப்பினார். அழுத்தமுறையும் அதே புள்ளிகளை ஊசியின்றிப் பயன்படுத்துவதே.

வலியின் காரணம் அறிவியலுக்குப் புலப்பட்டதும் தாமதமாகவே. மனத்தின் கோளாறு என்று மருத்துவர் பலர் கருதிவந்த இவ்வலிக்கு, கருப்பையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் மிகுதியே அடிப்படை என்பதை 1960களில் பிக்கிள்ஸ் முதலியோரின் ஆய்வுகள் உணர்த்தின.

அழுத்தமுறைக்குச் சான்று உண்டா? 2004இல் வெளியான தைவான் ஆய்வொன்றில், சான்யின்ஜியாவில் 20 நிமிடம் அழுத்தம் பெற்ற மாணவியரின் வலி, ஓய்வு மட்டும் எடுத்தோரினும் குறைந்தது. 2018இல் வெளியான பெர்லின் ஆய்வில் 18 முதல் 34 வயது வரையிலான 221 பெண்கள் பங்கேற்றனர். ஆறு சுழற்சிகளுக்குப் பின், தாமே அழுத்திக்கொண்டவர்களில் 58 விழுக்காட்டினருக்கு வலி பாதியாகவோ அதனினும் மிகுதியாகவோ குறைந்தது. வழக்கமான பராமரிப்புக் குழுவில் 24 விழுக்காடு. ஆயினும் எக்குழுவில் இருக்கிறோம் என்பதைப் பங்கேற்றோர் அறிந்திருந்தனர். எதிர்பார்ப்பின் பங்கை இதிலிருந்து பிரித்தறிய இயலாது.

செலவில்லாத, எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாத வழி என்பதே இதன் வலிமை. ஆபத்தும் அங்கேதான் உள்ளது. “காலை அழுத்திக்கொண்டு வகுப்பில் இரு” என்று பள்ளி சொல்லத் தொடங்கினால், வலியின் பொறுப்பு முழுவதும் அவள் விரலுக்கே சென்றுவிடும். மாதந்தோறும் கூடும் வலி எண்டோமெட்ரியோசிஸின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவரே தேவை. 1912இன் அப்பள்ளி, தேர்வுக் காலத்தில்கூட மாணவியின் நிலையைக் கணக்கில் கொண்டது. அந்த ஏற்புடன் சேரும்போதுதான் அழுத்தமுறை உதவியாகும். அதற்கு மாற்றாக வைக்கப்பட்டால் அது புறக்கணிப்பின் மற்றொரு வடிவமே.