கொம்பு முந்திய பக்கம்

2001-ல் கல்லூரி ஆய்வகத்தில் என் முதல் வலைப்பக்கத்தை நோட்பேடில் அடித்தேன். சிஎஸ்எஸ் 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது, ஆனா எங்களுக்கு வடிவமைப்புன்னா டேபிள்தான். நான்கு ஓவியம், ஆறு கவிதை, உச்சியில் ஆங்கிலத்தில் என் பெயர். 'படிக்க இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற குறிப்பையும் தமிழிலேயே போட்டிருந்தேன். எழுத்துரு இல்லாதவன் அதை எப்படிப் படிப்பான்?

அன்று தமிழுக்கு ஒரே குறியாக்கம் கிடையாது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் ஏற்றது. இணையத்தில் பலர் டிஸ்கியில் எழுதினார்கள். நானும்.

பக்கம் இருந்த இலவசத் தளம் எப்போதோ மூடிவிட்டது. போன மாதம் பழைய சிடியில் கோப்பு கிடைத்தது. திறந்தால் என் ஆங்கிலப் பெயர் மட்டும் தெளிவா இருக்கு. கவிதையெல்லாம் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். டிஸ்கியில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு, தமிழ் அதற்கு மேலே. அந்த மேல்பாதியைத்தான் உலாவி வேறாக வாசிக்கிறது.

எழுத்துக்கு எழுத்து மாற்றிப்போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். கொம்புகளெல்லாம் முந்தைய எழுத்தில் போய்த் தொற்றிக்கொண்டன. டிஸ்கியில் 'பெ' என்றால், கையால் எழுதுற மாதிரியே, முதலில் கொம்பு, பிறகு ப. யூனிகோடில் ப முதலில். வரிசையைத் திருப்பியதும் ஐந்து கவிதைகள் மீண்டன. இப்போ படிச்சா, இரண்டு போயிருந்தாலும் பரவாயில்லை.

ஆறாவது, அப்பா இறந்த வாரம் பிரவுசிங் சென்டரில் வேறேதோ எழுத்துருவில் அடித்தது. அதன் பெயர் கோப்பில் இல்லை. 'அப்பா' அதில் அடிக்கடி வரும் என்று நினைவு. திரும்பத் திரும்ப வரும் குறிகளை எண்ணி அந்த ஒரு சொல்லை மட்டும் கண்டுபிடித்திருக்கிறேன். ஏழு இடத்தில் இருக்கு.